கயிற்றை விடாத எட்டுப் பேர்

கொக்கரப்பாளையம் கயிறு அணி அந்த வருஷம் பதினொரு போட்டிகளில் இறங்கியது. பத்தில் தோற்றது. பதினொன்றாவதில் நடந்தது வெற்றியா இல்லையா என்று இன்றைக்கும் டீக்கடையில் இரண்டு கட்சி கட்டிச் சண்டை போடுகிறார்கள். நான் எந்தக் கட்சியும் இல்லை. நான் வேன் டிரைவர், பேர் மயில்சாமி. எட்டுப் பேரையும் ஏற்றிக்கொண்டு போனவன் நான். தோற்ற பிறகு வாரிப் போட்டுக்கொண்டு வந்தவனும் நான். அவர்களால் வெந்து நொந்தவன் என்னைப்போல இந்த ஜில்லாவில் வேறு ஒருத்தன் இல்லை. அதனால் நான் சொல்வதைக் கேளுங்கள்.

கயிறு இழுக்கிற போட்டி தெரியும்தானே? நீங்கள் பார்த்ததெல்லாம் திருவிழாவில் சும்மா இழுப்பது. இது சம்பளத்துக்கு இழுப்பது. எங்கள் பக்கத்துத் தேங்காய் நார்க் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு கோப்பை வைத்தார்கள். கம்பெனிக்கு ஓர் அணி, அணிக்கு எட்டுப் பேர். கயிற்றின் நடுவில் சிவப்புத் துணி, தரையில் பக்கத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு. துணியைத் தன் பக்கத்துக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனவன் ஜெயித்தவன். மூன்று முறை இழுக்க வேண்டும், முறைக்கு முறை பக்கம் மாற வேண்டும், இரண்டு முறை ஜெயித்தால் போட்டி உங்களுடையது. இவ்வளவுதான். ஒரு எருமைக்குச் சொன்னால்கூட புரிந்துகொள்ளும்.

எங்கள் முதலாளி ஆறுச்சாமிக்கு ஜெயிப்பதும் தோற்பதும் ஒன்றுதான். போட்டிகளுக்குக் கயிறு கொடுத்தது அவர். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் எனக்குப் போன் வரும்.

“கயிறு அறுந்துதா?”

“இல்லீங்க.”

“அப்ப நம்ம கம்பெனி ஜெயிச்சுது” என்று வைத்துவிடுவார்.

கோச்சை நாங்கள் மாஸ்டர் என்போம், பேர் திருமூர்த்தி. பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்தவர். சமையல்கட்டில் இருந்தார் என்பதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவருக்கு எப்போதும் ஒரே பேச்சுதான்: “சொன்னதைச் செய். சொல்லாததைச் செய்யாதே.” எட்டுப் பேரும் அப்படியே இருந்தார்கள். அதுதான் தொல்லையே.

முன்னால் நிற்கிற கேப்டன் சென்னியப்பன் நிறைய யோசிப்பான். கடைசியில் கயிற்றை உடம்பில் சுற்றிக்கொண்டு நிற்கிற பட்டீசுவரன், அதாவது எங்கள் பட்டீசு, நூற்றுப் பத்துக் கிலோ, யோசிக்கவே மாட்டான். நடுவில் இருக்கிற ஆறு பேர் சென்னியப்பன் யோசித்ததற்குத் தலையாட்டுகிறவர்கள். பட்டீசுக்கு வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். பெண் துளசிமணி, எங்கள் கம்பெனியில் கயிறு திரிக்கிற மிஷினைப் பார்த்துக்கொள்கிறவள். அவள் அப்பா கிட்டுசாமி டவுன் பஸ் கண்டக்டர். பட்டீசுக்கு அவள் என்றால் உயிர். அவள் பேரைச் சொன்னால் சிரிப்பான், அடுத்த பத்து நிமிஷம் வேறெதுவும் அவன் காதில் விழாது.

முதல் போட்டிக்குப் போகிறபோது மாஸ்டர் சொன்னார்: “வானமே இடிஞ்சு விழுந்தாலும் கயித்த விடாதீங்க. நான் விடச் சொன்னாத்தான் விடோணும்.”

நாலு நிமிஷத்தில் தோற்றோம். எதிரணிக்காரர்கள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்கள். எங்கள் எட்டுப் பேரும் பிடித்தது பிடித்தபடி நின்றார்கள். மாஸ்டரோ அவமானம் தாங்காமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். விடச் சொல்ல ஆள் இல்லை.

கயிற்றோடு வேனில் ஏறினார்கள். பாதிக் கயிறு பின்கதவு வழியாக ரோட்டில் இழுபட்டுக்கொண்டு வந்தது. டீ குடிக்க நிறுத்தினேன். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் கிளாஸ். ஒருத்தனுக்கு ஒன்றுக்கு வந்தது, எட்டுப் பேரும் போனார்கள்.

“ஏனுங், இவுங்களுக்கு ஏதாவது வேண்டுதலுங்களா?” என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

“ஆமாங்க” என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

ஊரில் சென்னியப்பன் வீடுதான் முதலில் வரும். அவன் உள்ளே போனான், பின்னாலேயே ஏழு பேரும் போனார்கள். அவன் பெண்டாட்டி இரண்டு பேருக்கு ஆக்கிய சோற்றை எட்டுப் பேருக்குப் பங்கு வைத்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் மாஸ்டர் வந்து “விடுங்கடா!” என்று கத்தின பிறகுதான் கயிறு தொப்பென்று விழுந்தது.

“ஏனுங் மாஸ்டர், நாமதான ஜெயிச்சோம்?” என்றான் சென்னியப்பன். “அவுனுக கயித்தப் போட்டுட்டுப் போயிட்டானுக. நாங்க இதுவரைக்கும் விடலீங்களே.”

மாஸ்டர் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாவது போட்டிக்கு மாஸ்டர் சொன்னது: “விசில் சத்தம் கேட்டா இழுங்க. கேக்காம இழுத்தா ஃபவுலு.” மைதானத்தை ஒட்டி ஒரு வீடு. அங்கே குக்கர் வைத்திருந்தார்கள். எதிரணிக்காரன் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருக்கும்போது முதல் விசில் வந்தது. எங்கள் ஆட்கள் இழுத்தார்கள், அவன் குப்புற விழுந்தான். நடுவர் ஃபவுல் என்றார். இரண்டாவது விசிலுக்கு இரண்டாவது ஃபவுல். மூன்றாவது விசிலில் அந்த வீட்டில் பருப்பு வெந்தது, நாங்கள் போட்டியை விட்டே வெளியேற்றப்பட்டோம்.

சென்னியப்பன் இதை ரொம்ப யோசித்தான். அடுத்த போட்டிக்கு எட்டுப் பேரும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தார்கள். குக்கர் தொந்தரவு இல்லை. நடுவர் விசில் ஊதினார், எதிரணி இழுத்தது. எங்கள் ஆட்கள் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி ஆடாமல் அசையாமல் நின்றபடியே வழுக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போனார்கள். முடிந்த பிறகு பஞ்சை எடுத்துவிட்டு, “எப்பங்க ஆரம்பிப்பாங்க?” என்று என்னைக் கேட்டார்கள்.

பஞ்சை எடுத்ததோடு விட்டார்களா? நாலாவது போட்டிக்குப் போகிற நாளில் என் வேன் பஞ்சர். எட்டுப் பேரும் கிட்டுசாமியின் பஸ்ஸில் ஏறினார்கள். உட்கார இடமில்லை, மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கிட்டுசாமி “போலாம் ரைட்” என்று விசில் கொடுத்தார். கம்பி கையோடு வந்துவிட்டது. கம்பியோடு சேர்ந்து இரண்டு ஸ்பீக்கரும் வந்தன. வருங்கால மாமனாருக்கு முன்னால் பட்டீசு அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மாஸ்டர் வந்து விடச் சொல்லட்டும் என்று கடைசி ஸ்டாப் வரைக்கும் நின்றான்.

ஐந்தாவது போட்டியில் எடை பார்த்தார்கள். எட்டுப் பேரும் சேர்ந்து அறுநூறு கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. நாங்கள் அறுநூற்று இரண்டு. “ரெண்டு கிலோ குறைச்சுட்டு வாங்கடா” என்று சொல்லிவிட்டு மாஸ்டர் பெயர் கொடுக்கப் போனார். எட்டுப் பேரும் மறுபடி எடை மிஷின்மேல் ஏறி நின்றார்கள்.

“அந்த ரெண்டு கிலோ யாருகிட்ட இருக்குது?” என்றான் சென்னியப்பன்.

“எங்கிட்ட இல்லீங்ணா, நான் வீட்டுலயே பாத்துட்டுத்தான் வந்தேன்.”

“எங்கிட்டயும் இல்ல.”

“இப்பிடி ஆளாளுக்கு இல்லேன்னா எப்பிடி? ஒவ்வொருத்தரா எறங்குங்க. எவன் எறங்கினா முள்ளு எறங்குதோ, அவன்கிட்ட இருக்குதுன்னு அர்த்தம்.”

முதலில் பட்டீசை இறங்கச் சொன்னார்கள். முள் ஒரேயடியாக நூற்றுப் பத்துக் கிலோ இறங்கியது. எல்லாரும் கை தட்டினார்கள். மாஸ்டர் திரும்பி வந்து பார்த்தால் கயிற்றில் ஏழு பேர்தான் நிற்கிறார்கள். பட்டீசு ஓரமாக உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருக்கிறான்.

“ரெண்டு கிலோ கேட்டீங்க, நூத்திப்பத்தாக் குறைச்சுட்டமுங்க மாஸ்டர்” என்றான் சென்னியப்பன். முகத்தில் அவ்வளவு பெருமை.

ஆறாவதும் போனது. அன்றைக்குச் சாயங்காலம் கிட்டுசாமி காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் கம்பெனிக்கு வந்தார். வந்தவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை.

“மாப்ள, நானும் மனுசன்தான். பஸ்ஸுல ஏறுறவன் டிக்கெட் கேக்கறதுக்கு முன்னால, ‘உங்க மருமவன் நேத்தும் தோத்துட்டாருங்களா’ன்னு கேக்கறான். எறங்கறப்பவும் அதையே கேக்கறான். இன்னும் அஞ்சு போட்டி இருக்குதாமா. ஒண்ணே ஒண்ணு ஜெயிங்க. இல்லீன்னா எம்புள்ளய அந்த உடுமலைப் பையனுக்குக் குடுத்துருவேன். கரண்டாபீசுல இருக்கறான். எதையும் புடிச்சு இழுக்கற பழக்கம் அவனுக்குக் கெடையாது.”

பட்டீசு அன்றைக்குச் சாப்பிடவில்லை. கம்பெனி மெஸ்ஸில் ஒரு குண்டான் சோறு மீந்துபோனது. வேனில் எனக்குப் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தான்.

“மயில்சாமிண்ணா, துளசி இல்லீன்னா நான் என்னங்ணா பண்ணுவேன்?” என்று கேட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான். வேனும் சேர்ந்து குலுங்கியது. எத்தனை திட்டியிருப்பேன் அவனை! அன்றைக்கு ஒரு வார்த்தை திட்ட வாய் வரவில்லை.

ஏழு, எட்டு, ஒன்பது எப்படிப் போயின என்று கேட்காதீர்கள், சொன்னால் எனக்கு ரத்தக் கொதிப்பு வரும். பத்தாவதற்கு முந்தின நாள் மாஸ்டர் கண்ணில் தண்ணீரோடு சொன்னார்: “நாளைக்குக் காலையில நான் வர்றப்ப ஒவ்வொருத்தனும் வேர் புடிச்ச தென்னமரமாட்டம் நிக்கோணும். எவன் இழுத்தாலும் அசையக்கூடாது. செரியா?”

“செரிங்க” என்றார்கள்.

காலை ஆறு மணிக்கு வேனை எடுத்துக்கொண்டு போனேன். கம்பெனி முற்றத்தில் எட்டுப் பேரும் தொடை வரைக்கும் மண்ணுக்குள் நிற்கிறார்கள். எங்கள் ஊரில் பிறந்த எவனுக்கும் தென்னை வைக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்றடிக் குழி, அடியில் மணலும் உப்பும், சுற்றிலும் வட்டப்பாத்தி, பாத்தி நிறையத் தண்ணீர். மரத்துக்கு மரம் இருபத்தைந்தடி இடைவெளி. பட்டீசு ஒரு கோடியில், சென்னியப்பன் மறு கோடியில். பேச வேண்டுமென்றால் கத்தித்தான் பேச வேண்டும்.

“உப்பு எதுக்கடா போட்டீங்க?” என்று கேட்டேன். அதுதான் முதலில் வாயில் வந்தது.

“இல்லீன்னா கரையான் அரிக்குமுங்ணா!”

“எட்டு மணிக்கு அங்க இருக்கோணும்டா, பாவிகளா! எப்ப வெளிய வருவீங்க?”

“வேர் புடிக்கட்டும்ணா. கன்னுன்னா ஆறு மாசம் ஆவும். நாம வளந்த மரம், சுருக்கா புடிச்சுரும்!”

மாஸ்டர் வந்தார். பார்த்தார். மண்வெட்டி எடுத்தார். பத்து மணிக்குக் கடைசியாகப் பட்டீசைத் தோண்டி எடுத்தபோது, நாங்கள் வராமலேயே தோற்றுவிட்டதாகத் தகவல் வந்தது. பின்னாலேயே முதலாளி போன் செய்தார்.

“கயிறு அறுந்துதா?”

“கயித்தத் தொடவே இல்லீங்க.”

“ரொம்ப நல்லதாப் போச்சு.”

அன்றைக்கு மத்தியானம் துளசிமணி மிஷினை நிறுத்திவிட்டு முற்றத்துக்கு வந்தாள். எட்டுக் குழியையும் பார்த்தாள். வேஷ்டி முழுக்கச் சேறாக நிற்கிற பட்டீசைப் பார்த்தாள். அவளுக்குக் கோபமா அழுகையா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

“பத்துத் தோத்தாச்சு. இன்னும் ஒண்ணுதான் இருக்குது. என்னதான் நெனச்சுட்டு இருக்கறீங்க எல்லாரும்?”

சென்னியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “தோத்தோமுன்னு ஊருதான் சொல்லுது அம்மிணி. நடக்கறத நீயே யோசிச்சுப் பாரு. விசில் ஊதுறாங்க. கொஞ்ச நேரத்துல நாங்க முன்னால போறோம், அவுனுக பின்னால போறானுக. எல்லாப் போட்டியிலயும் இதேதான். முன்னேறுறவன் தோத்தவன், பின்வாங்கறவன் ஜெயிச்சவனா? இது எந்த ஊரு ஞாயம்? ஏனுங் மாஸ்டர், பட்டாளத்துல பின்னால போறவனுக்கா மெடல் குடுப்பாங்க?”

மாஸ்டர் பட்டாளத்தில் முன்னாலும் போனதில்லை, பின்னாலும் போனதில்லை. அடுப்பு இருந்த இடத்தில் இருந்தவர். “குடுக்க மாட்டாங்க” என்று ஒப்புக்கொண்டார்.

ஆறு பேரும் தலையாட்டினார்கள். நானாக இருந்தால் அங்கேயே சட்டையைக் கிழித்துக்கொண்டிருப்பேன். துளசிமணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்:

“நீங்க சொல்றது செரிதானுங்ணா. முன்னேறுறவங்கதான் ஜெயிச்சவங்க. அதனால முன்னேறுறத விட்டுராதீங்க. ஆனா அவுனுகளப் பாத்து எதுக்கு முன்னேறோணும்? அங்க என்ன இருக்குது? நம்ம ஊரப் பாத்துத் திரும்பி நில்லுங்க. கயித்தத் தோள்ல போட்டுக்குங்க. விசில் ஊதினதும் நம்ம ஊருக்கு நடங்க. அவ்வளவுதான்.”

எட்டுப் பேரும் தள்ளிப்போய்க் கூடிப் பேசினார்கள். திரும்பி வந்தார்கள்.

“எப்பிடியும் போட்டி முடிஞ்சு ஊருக்குத்தான வரோணும்” என்றான் சென்னியப்பன். “நடந்தே வந்துட்டா ஒரு வேலை மிச்சம். வேன் வேண்ணா பின்னால வரட்டும்.”

கடைசிப் போட்டி பக்கத்து ஊர்ச் சந்தைத் திடலில். கிழக்கே ஆறு கிலோமீட்டரில் எங்கள் ஊர். மேற்கே தெருக் கோடியில் அரசமரத்துப் பிள்ளையார். எதிரணி நல்லாம்பட்டிக்காரர்கள், அந்த வருஷம் ஒன்றில்கூடத் தோற்காதவர்கள். கிட்டுசாமி டயரில் காற்று பார்க்க வேண்டும் என்று சொல்லி, பஸ்ஸைத் திடலை ஒட்டி நிறுத்தினார். பயணிகள் ஒருவரும் இறங்கிப் போகவில்லை. துளசிமணி பஸ்ஸின் முன்படியில் நின்றாள்.

எங்கள் அணி கிழக்குப் பக்கம். எட்டுப் பேரும் எதிரணிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள். கூட்டம் சிரித்தது. நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். கயிற்றைப் பிடிக்க வேண்டும் என்று இருந்தது. எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று இல்லை. விசில் ஊதினார்.

எட்டுப் பேரும் ஊருக்கு நடந்தார்கள். சும்மா நடந்தார்கள், வண்டிமாடு வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி. நல்லாம்பட்டிக்காரர்கள் என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் சிவப்புத் துணி கோட்டைத் தாண்டிவிட்டது. மாஸ்டர் ஓடிப்போய் “விடுங்கடா, விடுங்கடா!” என்று கத்தி நிறுத்தினார். இல்லையென்றால் அப்படியே போயிருப்பார்கள். அந்த வருஷத்தில் நாங்கள் ஜெயித்த முதல் இழுப்பு. நான் வேன் கூரைமேல் ஏறிக் குதித்தேன். இன்னும் அந்தக் குழி இருக்கிறது.

பக்கம் மாறினார்கள். எங்கள் ஆட்கள் மேற்குப் பக்கம் போனார்கள். அங்கேயும் ஊரைப் பார்த்து நின்றார்கள். அதாவது கிழக்கே. அதாவது நேராக எதிரணியைப் பார்த்து. விசில் ஊதியதும் ஊருக்கு நடந்தார்கள். நல்லாம்பட்டிக்காரர்களும் கிழக்கேதான் இழுத்தார்கள். இரண்டு அணியும் ஒரே திசையில், ஒரே மனதோடு போய், எதிரணி மல்லாந்து விழுந்து, அவர்கள் ஜெயித்தார்கள்.

ஒன்றுக்கு ஒன்று. மாஸ்டர் ஐந்து நிமிஷம் மூச்சுவிடாமல் திட்டினார். அப்பன், பாட்டன், பூட்டன் எல்லாரையும் இழுத்துத் திட்டினார். ஆறாவது நிமிஷம் தொண்டை கட்டிக்கொண்டது, வெறும் காற்றுதான் வந்தது. எப்படி நிற்க வேண்டும் என்று அவர் சொன்ன முக்கியமான விஷயமெல்லாம் அந்தக் காற்றில்தான் போனது.

மூன்றாவது இழுப்புக்கு நாணயம் சுண்டினார்கள். எங்களுக்கு விழுந்தது. எந்தப் பக்கம் வேண்டும் என்று நடுவர் கேட்டார்.

“மேக்கால பக்கமுங்க” என்றான் சென்னியப்பன். “அங்க நின்னப்பதான் சுளுவா முன்னேறுனோம்.”

பஸ்ஸில் துளசிமணி தலையில் கை வைத்துக்கொண்டாள். கிட்டுசாமி கண்ணை மூடிக்கொண்டார். எட்டுப் பேரும் மேற்குப் பக்கம் போய், திருப்தியாக ஊரைப் பார்த்து நின்றார்கள். நடுவர் விசிலை வாயில் வைத்தார்.

“ஊருக்குப் போகாதீங்க!” என்று துளசிமணி கத்தினாள்.

திடலே திரும்பிப் பார்த்தது.

“அப்பறம் எங்க போறது அம்மிணி?” என்று சென்னியப்பன் கேட்டான். நிஜமாகவே கேட்டான்.

“பின்னால பிள்ளையார் கோயில் இருக்குது பாருங்க! மொதல்ல அங்க போங்க! பட்டீசு மாமா, எனக்காகப் போய்க் கும்புட்டுட்டு வாங்க!”

பட்டீசுதான் முதலில் திரும்பினான். அவன் வாழ்க்கையில் யாரையும் முந்திக்கொண்டு செய்த காரியம் அது ஒன்றுதான். அவனைப் பார்த்து மற்ற ஏழு பேரும் திரும்பினார்கள். விசில் ஊதியது.

இந்தத் தடவை நல்லாம்பட்டிக்காரர்கள் ஏமாறவில்லை. குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து நின்றார்கள். கயிறு முறுக்கேறியது. துணி எங்கள் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் வந்து அப்படியே நின்றது. பட்டீசின் கழுத்து நரம்பு புடைத்தது, கால் மண்ணைப் பறித்தது. ஒரு நிமிஷம் ஆனது, இரண்டு நிமிஷம் ஆனது. துணி கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் போக ஆரம்பித்தது. துளசிமணி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கும்பிடாத சாமி இல்லை.

பஸ் படியில் நின்ற கிட்டுசாமியால் தாங்க முடியவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினார்.

விசில் சத்தம் கேட்டால் இழுக்க வேண்டும். எட்டுப் பேரும் இழுத்தார்கள். துணி நின்றது. வெளியாள் விசில் ஊதக்கூடாது என்று நடுவர் விசில் ஊதினார். அதற்கும் இழுத்தார்கள். கிட்டுசாமி மறுபடி ஊதினார், நடுவர் மறுபடி ஊதினார், துணி கோட்டைத் தாண்டியது. போட்டி முடிந்தது என்று நடுவர் நீளமாக ஒரு விசில் ஊதினார். அதற்கு எங்கள் ஆட்கள் ஓடவே ஆரம்பித்துவிட்டார்கள்.

விடச் சொல்ல மாஸ்டருக்குக் குரல் இல்லை. விட்டால் தோற்றதாகிவிடுமோ என்று நல்லாம்பட்டிக்காரர்களும் விடவில்லை. பதினாறு பேரும் திடலைத் தாண்டி, தக்காளிக் கடையைத் தாண்டி, தெருக் கோடிக்குப் போனார்கள். பின்னாலேயே விசில் ஊதிக்கொண்டு நடுவர் ஓடினார், பாவம்.

பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட வேண்டும். கயிற்றை விடக்கூடாது. சென்னியப்பன் யோசித்தான். ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முன்னால் நிற்கிறவன் காதைப் பிடித்தார்கள். எட்டுப் பேரும் உட்கார்ந்து எழுந்தார்கள். கயிறு இறங்கி ஏற, மறுமுனையில் நல்லாம்பட்டிக்காரர்களும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்து எழுந்தார்கள். பூசாரி பதினாறு பேருக்கும் விபூதி வைத்துவிட்டார். மாஸ்டர் குச்சியை எடுத்து மண்ணில் ‘விடுங்கடா’ என்று எழுதிக் காட்டினார்.

“சொன்னாத்தான் விடோணும்னு சொன்னீங்க. எழுதினா விடலாமான்னு சொல்லலீங்களே” என்றான் சென்னியப்பன்.

ஒரு கோலி சோடா குடித்து அவருக்குக் குரல் வந்த பிறகுதான் விட்டார்கள். துணி கோட்டைத் தாண்டிவிட்டது, தெருவையும் தாண்டிவிட்டது, ஆகவே வெற்றி என்று நடுவர் எழுதிக் கொடுத்தார். கண்டக்டர் விசில் ஊதி ஜெயித்தது ஒரு ஜெயிப்பா என்று டீக்கடையில் ஒரு கட்சி இன்றும் கேட்கிறது. கேட்கட்டும். கிட்டுசாமி பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்து, “மாப்ள!” என்று பட்டீசைக் கட்டிக்கொண்டு அழுததை நான் கண்ணால் பார்த்தேன். கை முழுவதும் சுற்றி வரவில்லை, ஆனாலும் கட்டிக்கொண்டார்.

வைகாசிக் கடைசியில் கல்யாணம். எங்கள் பக்கம் அப்போது மலைக் கணவாய் வழியாகப் பலத்த காற்று கிளம்பிவிடும். வீட்டு முன்னால் போட்ட பந்தல் தாலி கட்டுகிற நேரத்தில் தூக்கிக்கொண்டு ஆடியது. பந்தல்காரர் சுற்றிப் பார்த்தார். மாப்பிள்ளைத் தோழர்கள் ஏழு பேர் சும்மா நின்றார்கள்.

“காத்து அடங்கற வரைக்கும் இந்தக் கயித்தக் கொஞ்சம் புடிச்சுக்கறீங்களா?” என்றார். அவர் வெளியூர்க்காரர்.

ஏழு பேரும் பிடித்துக்கொண்டார்கள். பட்டீசு தாலி கட்டினான். மணவறையைச் சுற்றி வருவதற்காகத் துளசிமணியின் முந்தானையையும் அவன் துண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். கிட்டுசாமி பட்டுச்சட்டை போட்டிருந்தாலும் விசில் கழுத்திலேயே இருந்தது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, “செரி, சுத்தி வரலாம்” என்று சொன்னவர், இருபத்தெட்டு வருஷப் பழக்கத்தில், “போலாம் ரைட்” என்று இரண்டு விசில் கொடுத்துவிட்டார்.

ஏழு பேரும் அந்தப் பக்கத்து ஊர்ப் பிள்ளையார் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துத் திரும்பினார்கள். பந்தல் கிளம்பிவிட்டது. வாழைமரம், சீரியல் பல்பு, ‘நல்வரவு’ போர்டு எல்லாம் கூடவே போயின. மாஸ்டர் விடச் சொல்லலாம் என்று பார்த்தால் அவர் வாய் நிறைய மைசூர்பாகு. வெயில் பளீரென்று எங்கள் எல்லார் தலையிலும் அடித்தது.

பட்டீசும் விடவில்லை. அவன் கையில் இருந்தது முடிச்சுப் போட்ட துண்டு. அதைத் தோளில் போட்டுக்கொண்டு அவனும் அதே திசையில் நடந்தான். துளசிமணி இரண்டடி இழுபட்டாள். அப்புறம் குதிகாலை ஊன்றி நின்றாள்.

“மாமா, இப்பிடித் திரும்புங்க” என்றாள்.

அவன் திரும்பினான். அவள் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழு. நூற்றுப் பத்துக் கிலோவும் தடதடவென்று ஓடிவந்து மணவறைக்கு முன்னால் நின்றது.

பட்டீசுக்கு மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பு. மாமனாரைப் பார்த்துச் சொன்னான்: “பாத்தீங்களா மாமா, எப்பிடி முன்னேறினேன்! இதையும் ஜெயிச்சுட்டேன்.”

கிட்டுசாமி மருமகனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி மகள் கையில் கொடுத்தார்.

இது நன்றாக வேலை செய்கிறதா என்று துளசிமணி ஒரு தடவை ஊதிப் பார்த்தாள். தூரத்தில் ஊர் எல்லையைத் தாண்டிக்கொண்டிருந்த பந்தல், கொஞ்சம் வேகமாகப் போக ஆரம்பித்தது.